முத்திரை மட்டும் போதாது

ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தத்தில் கை முத்திரை மனதை எப்படி நிலைநிறுத்துகிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியதற்கு நன்றி. ஆனால் முத்திரையைத் தனியாகப் பிரித்து, படபடப்புக்கு மருந்து போலச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 806இல் சீனாவிலிருந்து திரும்பி ஷிங்கோனை நிறுவிய துறவி கூக்காய் கற்பித்தது உடல், வாக்கு, மனம் மூன்றும் ஒன்றாக இயங்கும் ஆன்மிகப் பயிற்சி. கையில் முத்திரை, வாயில் மந்திரம், மனதில் தியான உருவம். ஒன்றை விட்டால் அது வேறு பயிற்சி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அஜிகான் தியானம்தான் பொருத்தம். தாமரை மேல் நிலவு வட்டம், அதற்குள் 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்து வடிவில் 'அ'. அந்தப் படத்தின் முன் அமர்ந்து, இடது உள்ளங்கை மேல் வலது கையை வைத்து, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொடும்படி மடியில் வைக்க வேண்டும். தூக்கம் வந்தால் விரல்கள் விலகிவிடும், இறுக்கம் வந்தால் ஒன்றையொன்று அழுத்தும். மனம் எங்கே போகிறது என்பதைக் கையே காட்டிக்கொடுக்கும். இதைக் கட்டுரையில் விட்டுவிட்டீர்களே!

அப்புறம், சடங்குக்கு முன் தன்னைத் தூய்மையாக்கிக் காத்துக்கொள்ளச் செய்யும் கோஷின்போ என்ற முத்திரை வரிசை. அதன் கடைசி முத்திரையோடு நெற்றி, வலது தோள், இடது தோள், நெஞ்சு, தொண்டை என ஐந்து இடங்களைத் தொடுவார்கள். இது தீட்சை பெற்றவர்களுக்கு குரு நேரில் கற்பிப்பது. வீடியோ பார்த்துச் செய்யலாம் என்று நீங்கள் எழுதிய வரியைத் தயவுசெய்து நீக்குங்கள்.

இன்னொன்று, இந்த மரபு போற்றும் எட்டு குருமார்களில் ஒருவரான வஜ்ரபோதி, பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா போனவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.