குருகுக்கு ரெண்டு மார்க்

ஒரு சங்கப் பாட்டில் வரும் குருகைப் பற்றி ஐந்து மார்க் கேள்வி. என் மகளுக்கு ரெண்டு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'விடைக்குறிப்பில் இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பேப்பரைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

பாட்டு குறுந்தொகை 25, கபிலர் பாடியது. மொத்தமே ஐந்து அடி. களவில் கூடியவன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறான். அவள் தோழியிடம் புலம்புகிறாள். அன்றைக்கு அங்கே யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். சொல்லி முடித்துவிட்டு, 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு' என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு கொக்கும் இருந்ததாம்.

குறிப்புப் புத்தகத்தில் விடை ஒரே வரி: குருகு மீனையே பார்த்ததால் சாட்சியாகாது. சரி, தப்பில்லை. மகள் அதையும் எழுதியிருக்கிறாள், அதற்குத்தான் அந்த ரெண்டு. ஆனால் யாரும் இல்லை என்றவள் கடைசியில் எதற்குக் 'குருகும்' என்று ஓர் உம்மை போடுகிறாள்? யாராவது பார்த்திருக்க மாட்டார்களா என்று மனசு தேடித் தேடி, கிடைத்தது ஒரு கொக்குதான் என்று எழுதியிருக்கிறாள். அதற்குச் சுழி!

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் வயலெல்லாம் கொக்குதான். அம்மிச்சி (பாட்டி) பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டைச் சொல்லிக் காட்டியதும், "அது தலையக்கூடத் திருப்பாது கண்ணு. ஆனா அந்தப் புள்ளயப் பாரு, அன்னிக்கு அது காலு தெனத்தட்டாட்ட இருந்துச்சுங்கறது வரைக்கும் பாத்து வெச்சிருக்கா" என்றார். பாட்டிலேயே இருக்கிறது, 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால'. நானும் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இது உறைத்ததே இல்லை.

வாத்தியாருக்குப் போன் பண்ணினேன். "ஏனுங்க, குறிப்புல இல்லாததுக்கு மார்க் போட்டா என்னையக் கேப்பாங்க. நான் என்னங்க பண்றது?" யான் எவன் செய்கோ! தலைவியின் வரியை வாத்தியார் சொல்கிறார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பரிமேலழகரே 'என்று உரைப்பாரும் உளர்' என்று அடுத்தவர் உரையையும் எடுத்து வைத்தவர். பிடிக்காவிட்டால் மறுப்பார், அது வேறு. குறளுக்குப் பத்துப் பேர் உரை எழுதினார்களே, விடைக்குறிப்பை வைத்துக்கொண்டா எழுதினார்கள்?

சிறுகதைக்கும் இதே கதிதான். புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது', கையில் காசில்லாத எழுத்தாளர் முருகதாசரின் ஒரு நாள். அதைப் படிக்கச் சொல்லிவிட்டு, இக்கதை உணர்த்தும் நீதி யாது என்று போன பருவத்தில் கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவது, கடன் வாங்காதே என்றா?

ராத்திரி சோறு தின்னும்போது மகள் கேட்டாள்: "இனிமே குறிப்புல இருக்கறதையே எழுதிரட்டுங்களாப்பா?"

பொதுத்தேர்வு வருகிறது. எழுதிக்கோ சாமி என்றேன்.