அது பால்குடி, தம்பி

அந்த யானைக்குட்டி வீடியோவைப் பத்தித்தான். ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்ணிட்டீங்க, நான் திரும்பப் போட மாட்டேன். பட்டாசுச் சத்தத்துல கூட்டம் மிரண்டு காட்டுப் பக்கம் ஓடிடுது. ஏரிக்கரையில குட்டி மட்டும் நிக்குது. பசங்க சுத்தி நின்னு டார்ச் அடிக்கிறாங்க, விசில் அடிக்கிறாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அது நின்ன இடத்துலயே சுத்துது. "தாய்கிட்ட போக விடுங்கப்பா"ன்னு ஒரே ஒரு வரிதான் கீழ எழுதினேன். அதுக்கு வந்த பதில்: "குட்டிதானே அக்கா, காட்டுல புல்லா இல்ல, தானா மேஞ்சுக்கும்." அதுக்கு அத்தனை பேர் சிரிச்சிருக்கீங்க.

மேயாது தம்பி. அது பால்குடி.

பாலூட்டின்னா குட்டி போடும், பால் கொடுக்கும், உடம்புல முடி இருக்கும்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும்தான் எழுதினோம். வவ்வால் பாலூட்டி, திமிங்கிலம் பாலூட்டின்னு எழுதி மார்க்கும் வாங்கினோம். பால் கொடுக்கும்னா என்ன அர்த்தம்னு மட்டும் யாரும் யோசிக்கலை. பால் இல்லேன்னா அந்த உசுரு இல்லைன்னு அர்த்தம். 22 மாசம் வயித்துல சுமந்து, நூறு கிலோ எடையில குட்டி போடுது யானை. அவ்வளவு பெருசா பொறந்தாலும் அதுக்குத் தும்பிக்கையைப் பயன்படுத்தத் தெரியாது. சில மாசம் கழிச்சுப் புல்லைக் கடிச்சுப் பார்க்கும். அந்தப் புல் செரிக்கவே தாயோட சாணியைத் தின்னு அதுல இருக்கிற நுண்ணுயிரை வயித்துக்குள்ள சேர்த்துக்கணும். ரெண்டு வருசம் ஆனாலும் பால் தேடும். இதைத்தான் "தானா மேஞ்சுக்கும்"னு சொல்றீங்க.

நான் டவுன்ல உக்காந்து எழுதறேன்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன், எங்க நிலம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்துல இருக்கு. ராகி அறுப்புக்கு முன்னாடி பன்னார்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா கூட்டம் இறங்கும். வருசா வருசம் பரண்ல காவல் இருந்து வளர்ந்தவ நான். ஒரு மார்கழி விடியக்காலை, ஆயா என்னைத் தட்டி எழுப்பி, பேசாம பாருன்னு கை காட்டினாங்க. ஓரத்துல ஒரு தாய் முன்னங்கால் ஒண்ணை முன்னாடி எடுத்து வச்சு நின்னுச்சு. குட்டி தும்பிக்கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, வாயாலயே குடிச்சுது. மாட்டுக்கு மாதிரி பின்னங்கால் கிட்ட மடி இல்ல யானைக்கு. முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, நெஞ்சுல, ரெண்டு மார். "மனுசி மாதிரி பாரு"ன்னு ஆயா சொன்னாங்க. அந்த வருசம் முக்கால் ராகி போச்சு. அப்பா மூணு நாள் யார்கிட்டயும் பேசலை. அந்த ஆயாவும் ராகி போனதுக்கு அழுதவங்கதான்.

அதனால "ராகி போனா நீ தருவியா"ன்னு என்கிட்ட கேக்காதீங்க. எங்க வீட்டுக் களியும்தான் போச்சு. இழப்பீடு லேட்டாகுது, போட்ட காசுக்குக் காணாது, எல்லாம் எனக்கும் தெரியும். அதைக் கேளுங்க, நானும் கூட வந்து நிக்கறேன். யானை அடிச்சு ஆள் செத்த வீடும் எங்க ஊர்ல இருக்கு, அந்த வீட்டு ஆளுங்க கோவப்பட்டா நான் வாய் திறக்க மாட்டேன். ஆனா அந்த வீடியோவுல கோவம் இல்லையே. பயிரைக் காப்பாத்த யாரும் அங்க நிக்கலை. சிரிச்சுக்கிட்டுதானே நின்னீங்க?

"ஃபாரஸ்ட்காரங்க பாத்துக்குவாங்க"ன்னு ஒருத்தர். 2023 மார்ச்சை மறந்துட்டீங்களா? மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில மூணு யானை செத்துக் கிடந்துச்சு, ரெண்டு குட்டி அதுங்களைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. நம்ம பக்கத்து தர்மபுரி மாவட்டம்தான் அது, வேற எங்கயோ இல்ல. அதே மாசம் பென்னாகரம் பக்கம் கிணத்துல விழுந்த குட்டியை மேல எடுத்தாங்க. தாய்கிட்ட சேர்க்கப் பார்த்தாங்க, முடியலை. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டு போனாங்க. தாயில்லாத குட்டி யானை ரகுவை அங்க வளர்த்த தம்பதி பொம்மன், பெள்ளி கையிலதான் இருந்துச்சு. யானைக் குட்டி வளர்க்கிறதுல அவங்களை விடத் தெரிஞ்சவங்க யாரு? டாக்டரும் இருந்தார். மாசம் முடியறதுக்குள்ள வயித்துப்போக்குல போயிடுச்சு. புட்டிப்பால் ஒத்துக்கலை. அத்தனை பேர் பார்த்துக்கிட்டும் முடியலை தம்பி, நீங்க மேஞ்சுக்கும்னு சொல்றீங்க.

"கூட்டத்துல சித்தி, பெரியம்மா இருக்கும்ல, கூட்டிட்டுப் போகும்." இருக்கும். யானைக் கூட்டம் பெண்களால நடக்கிற குடும்பம்தான். நீங்க டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னா எந்தச் சித்தி வரும்?

எனக்கு வந்த இன்னொரு கமெண்ட்: "உனக்கு ஏன் இவ்வளவு வலிக்குது, யானை வயித்துல பொறந்தியா?" ஏன் வலிக்குதுன்னு சொல்றேன். என் மூத்தவளுக்கு மூணு மாசம் ஆனப்போ ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன், கான்ட்ராக்ட். லைன்ல நின்னா எட்டு மணி நேரம் நகர முடியாது. மதியம் ஆனா பால் கட்டிக்கும், கல்லு மாதிரி. யூனிஃபார்ம் நனைஞ்சிடும், துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டு நிப்பேன். பாத்ரூம்ல பீச்சிக் கொட்டிட்டு வருவேன். அங்க வீட்டுல அவ பசும்பால் குடிக்காம கத்திக்கிட்டிருப்பா. பக்கத்துல இருந்த ஒரு ஆள் ஒருநாள் என் சட்டையைப் பார்த்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பும் இந்த வீடியோவுல கேக்கிற சிரிப்பும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது. பெரிசுபடுத்துறேன்னு சொல்றவங்க சொல்லிக்குங்க.

காட்டுக்குள்ள ஓடின அந்தத் தாய்க்கும் அன்னிக்கு ராத்திரி பால் கட்டியிருக்கும்.

வீடியோ நாப்பது செகண்ட்ல நின்னுடுது. அதுக்கப்புறம் குட்டி எந்தப் பக்கம் போச்சு, கூட்டத்தோட சேர்ந்துச்சா, யாருமே சொல்லலை. எடுத்த தம்பி இதைப் படிச்சா, மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். இது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா சொல்லு.