எம்.ஐ.ஏ. ஆஸ்கர் வென்றாரா?

"யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆஸ்கர் வென்ற தமிழ்ப் பெண்" என்று பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தைப் பற்றிப் பகிரப்படும் செய்தியில் இரண்டு தகவல்கள் தவறானவை.

'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சாயா' பாடலுக்காக 2009ஆம் ஆண்டு ஏ.ஆர். ரஹ்மானுடன் அவரும் சிறந்த பாடல் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவில் விருது பெற்றது அதே படத்தின் 'ஜெய் ஹோ'. அதைப் பெற்றவர்கள் ரஹ்மானும் பாடலாசிரியர் குல்ஸாரும் ஆவர். ஒரே படத்தின் இரு பாடல்கள் போட்டியில் இருந்ததும், எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலும் அப்படத்தில் ஒலித்ததும் இந்தக் குழப்பத்திற்குக் காரணமாகியிருக்கலாம். அந்தப் பாடலுக்கு அதே ஆண்டு கிராமியின் 'ஆண்டின் சிறந்த இசைப்பதிவு' பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

அவர் பிறந்தது 1975இல், லண்டனில். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, போர்ச்சூழலில் வளர்ந்து, 1980களின் நடுவில் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார். அவருடைய இசையில் ஈழம் இத்தனை ஆழமாகப் பதிந்திருப்பதற்குப் பிறந்த ஊரை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணு இசைக்கருவியில் தொடக்ககாலப் பாடல்களை அமைத்தவர் அவர். தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கி 2005இல் வெளிவந்த முதல் தொகுப்பான 'அருளர்', ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆஸ்கர், கிராமி, மெர்க்குரி ஆகிய மூன்றிலும் பரிந்துரை பெற்றவர் என்று எழுதுவதே சரி.