80 டச் கொலுசு எப்படி 925 ஆகும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமைக் கவனிக்க, தன் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஓர் உதவியாளரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினேன். வெளியூர்க்காரர், பட்டறையைப் பார்த்ததே இல்லை. அது குற்றமில்லை. கேட்காமல் எழுதுகிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சென்ற வாரம் ஒரு கொலுசுப் படத்தின் கீழ் ‘925 ஸ்டெர்லிங் வெள்ளி’ என்று போட்டுவிட்டார். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அந்தக் கொலுசோ 80 டச், அதாவது நூற்றுக்கு எண்பது பங்குதான் வெள்ளி. சுத்த வெள்ளி மென்மையானது. அன்றாடம் காலில் உரசும் நகைக்குச் செம்பு கலந்தால்தான் உறுதி. இதை இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். “எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்” என்கிறார். எல்லோருமா என் கடையில் பில் எழுதுகிறார்கள்? ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா அந்தப் பதிவைக் காட்டிக் கேட்டபோது எனக்குப் பேச நா எழவில்லை. அப்பா காலத்திலிருந்து டச் விஷயத்தில் எங்களை யாரும் கேள்வி கேட்டதில்லை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே திரளும். கொலுசும் மெட்டியும் விற்கும் நாள்கள் அவை. எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அப்போது வந்தது நண்பர்கள் தின வாழ்த்து! எடை என்ன, செய்கூலி என்ன என்று கேட்டவர்களுக்கு இதயப் படம் மட்டுமே பதில்.

என் சம்மதம் இல்லாமல் இனி ஒரு வரியும் ஏறக்கூடாது என்று நேற்றிரவு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.