எத்தனை நாள் காத்திருக்கலாம்?

மூளையில் பலத்த காயத்தோடு வருபவர்களுக்கான தீவிர சிகிச்சையில் அடுத்து எதை ஆராய வேண்டும் என்று முன்னுரிமைப் பட்டியல் போடுகிறார்கள். முதல் இடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், புது மருந்துக்கு என்று சொல்ல மாட்டேன். என் அண்ணன் ஐசியுவில் கிடந்தபோது நாங்கள் கேட்டு, ஒருவராலும் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி ஒன்று உண்டு. அதுதான் இந்தப் பதிவின் தலைப்பு.

மூன்றாம் நாளே மருத்துவர் எங்களை ஓரமாக அழைத்து, "பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஸ்கேனைப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், தெரிந்ததைச் சொன்னார். மருத்துவத்துக்கே அதற்குமேல் தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கனடாவில் ஆறு மருத்துவமனைகளில் பலத்த மூளைக்காயத்தோடு சேர்க்கப்பட்ட 720 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இறந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேரின் மரணம், உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொண்டதை ஒட்டி நேர்ந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி, முதல் மூன்று நாட்களுக்குள். அந்த 70 என்ற கணக்கும் ஒரு மருத்துவமனையில் 45 ஆக இருக்க, இன்னொன்றில் 87-ஐத் தொட்டது. ஒரே மாதிரிக் காயம். எந்த வாசலில் இறக்கினார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறதோ என்ற சந்தேகம் எழாமல் இருக்குமா? இதில் ஒரு சுழலும் இருக்கிறது. பிழைக்க மாட்டார் என்று கணித்து வென்டிலேட்டரை நிறுத்துகிறோம், அவர் இறந்துவிடுகிறார், கணிப்பு பலித்ததாகக் கணக்கில் ஏறுகிறது. அடுத்து வருபவருக்கு அந்தக் கணக்கே சாட்சி சொல்கிறது.

அண்ணன் பிழைத்ததை வைத்து எல்லோரும் பிழைப்பார்கள் என்று வாதாட நான் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் திரும்பக் கிடைக்காத குடும்பங்களை அதே வராந்தாவில் பார்த்தேன். அவர்களுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. 2024-இல் வெளியான ஆய்வொன்றில், சொன்னதைக் கேட்டுக் கைகால் அசைக்காத 241 பேரைப் பரிசோதித்தார்கள். விளையாடுவதாகவோ கையை விரித்து மூடுவதாகவோ கற்பனை செய்யச் சொன்னபோது, 60 பேரின் மூளை அதைச் செய்தது. நான்கில் ஒருவர்! கட்டிலருகே நின்று நாம் என்னென்ன பேசினோம் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

மருந்து ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளை வீங்குகிறது, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடு. சிறுபிள்ளைக்கும் புரியும் நியாயம் இது. அந்த நியாயத்தை நம்பியே பல பத்தாண்டுகள் கொடுத்தார்கள். கடைசியில் 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு 2004-இல் உண்மையைப் போட்டு உடைத்தது: இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. பெரிய ஆய்வுகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் எதை வெற்றி என்று அளப்பது? மூளைக்குள் அழுத்தம் எதற்கும் அடங்காதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. 2016-இல் வந்த ஆய்வில், ஆறு மாதங்களில் இறப்பு 48.9 சதவீதத்திலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. நினைவின்றி உயிரோடு மட்டும் இருப்பவர்கள் 2.1-இலிருந்து 8.5 ஆனார்கள். வெளியே போகத் துணை வேண்டும், வீட்டுக்குள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற நிலையை அந்த ஆய்வாளர்கள் நல்ல விளைவில் சேர்த்தார்கள். அது சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று, அப்படி வாழ்பவர்களிடமும் அவர்களைக் குளிப்பாட்டி விடுபவர்களிடமும் கேட்டார்களா என்பதே என் கேள்வி. பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு 2004 முதல் நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எதை முதலில் ஆராய்வது என்று முடிவெடுக்க வைக்கிறது. முடியாத காரியம் என்று யாரும் கைவிரிக்க வேண்டாம்.

ஆறாம் மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. காயத்துக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு தேறினார் என்று அளக்கும் எட்டுப் படிகள் கொண்ட அளவுகோலில் அண்ணனை ஏதாவது ஒரு படியில் நிறுத்த வேண்டும். அண்ணிதான் பேசினார். "தனியாகக் கடைக்குப் போய் வர முடிகிறதா?" என்று கேட்டார்கள்.

"போய் வருவார். எதற்குப் போனோம் என்பதுதான் மறந்துபோகும்" என்றார் அண்ணி.

மறுமுனை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, 'முடிகிறது' என்றே குறித்துக்கொள்கிறேன்" என்றது.