பக்லியின் எதிரே இருந்த நாற்காலி

அமெரிக்க வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் எஃப். பக்லி நடத்திய 'ஃபயரிங் லைன்' என்ற தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சியின் பழைய பதிவுகளைச் சில வாரங்களாக யூடியூபில் பார்த்து வருகிறேன். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் ஒன்றைப் பார்த்தால் அடுத்ததையும் பார்க்காமல் எழ முடியவில்லை.

1966 முதல் 1999 வரை, 33 ஆண்டுகள். 1969-இல் வியட்நாம் போர் பற்றிப் பேச அந்தப் போரை எதிர்த்த இடதுசாரி அறிஞர் நோம் சோம்ஸ்கியை அழைத்தார். முகமது அலி வந்தார். கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் ஹூயி நியூட்டன் வந்தார். தன்னை அடியோடு மறுப்பவரை எதிரே உட்காரவைத்து வாதாடத் துணிவு வேண்டும். எதிராளி எழுதியதைப் படித்துவிட்டு வரும் உழைப்பும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. 1955-இல் அவர் தொடங்கிய 'நேஷனல் ரிவ்யூ' இதழ்தான் அமெரிக்க வலதுசாரிகளை ஓர் இயக்கமாகச் சேர்த்தது. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவரையே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று சொன்ன தீவிர வலதுசாரி ராபர்ட் வெல்ச்சை, சொந்த வாசகர்கள் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே 1962-இல் அவ்விதழ் கண்டித்தது.

இதெல்லாம் சரி. ஆனால் "அந்தக் காலத்து வலதுசாரிகள் எவ்வளவு கண்ணியமாகப் பேசினார்கள்" என்று இன்று ஏங்குகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 1957 ஆகஸ்டில் அதே இதழில் ஒரு தலையங்கம் வந்தது. தென்மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையாக இருக்கும் இடத்திலும் ஆட்சி அவர்கள் கையில் இருக்கலாம், இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்றது அது. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அழகான, அமைதியான உரைநடை. கறுப்பின மக்களின் வாக்குரிமையை மறுக்க அந்த அழகு பயன்பட்டது. பக்லியின் மைத்துனர் பிரெண்ட் போசெல் அடுத்த மாதமே அதே இதழில் மறுப்பு எழுதினார். தவறைச் சுட்டிக்காட்ட வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தார்!

1965 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோடு பக்லி வாதிட்டு, 544-க்கு 164 என்ற வாக்குகளில் தோற்றார். அடுத்த மாதம் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூட்டாட்சி அரசு தலையிட்டிருக்கத்தான் வேண்டும், தான் நினைத்தது தவறு என்று பக்லி சொன்னபோது ஆண்டு 2004. தலையங்கம் வந்து 47 ஆண்டுகள். அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்குரிமைக்காக உயிர் விட்டவர்கள் அதைக் கேட்க இல்லையே!

அப்புறம் அமெரிக்க வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா. இரு தரப்புக்கும் வானொலியில் இடம் தர வேண்டும் என்ற விதி 1987-இல் போனது; 1988-இல் அவர் நாடு முழுக்க ஒலிபரப்பைத் தொடங்கினார். தினமும் மூன்று மணி நேரம், பெரும்பாலும் அவர் குரல் மட்டும். அபாரமான வானொலிக்காரர், கேட்பவரைக் கட்டிப்போடும் வேகம். பக்லியைத் தன் ஆதர்சமாகச் சொல்லிக்கொண்டவர்தான். ஆனால் பக்லியிடமிருந்து உறுதியை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியை விட்டுவிட்டார். 2020 பிப்ரவரி இறுதியில் கொரோனாவைச் சாதாரண ஜலதோஷம் என்று அவர் சொன்னபோது, "இல்லை, எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க அந்த அறையில் சோம்ஸ்கி மாதிரி ஒருவர் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டார்கள்.