உண்டியலும் பண நிரம்பலும்
வெளிநாட்டுப் பணம் வந்தாலே இலங்கையின் பண நிரம்பல் (மக்களிடம் உள்ள நாணயமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை) கூடிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமையாக ஏற்க இயலவில்லை. ரொறன்ரோவிலிருந்து மகன் வங்கி வழியாக அனுப்பும் டொலரை இங்குள்ள வங்கி வாங்கிக்கொண்டு, சாவகச்சேரியிலுள்ள தாயின் கணக்கில் ரூபாயை வரவு வைக்கும்போது புதிய வைப்பு உருவாகிறது. அந்த டொலரை மத்திய வங்கி வாங்கினால் ஒதுக்குப் பணமும் (மத்திய வங்கி வெளியிடும் நாணயமும் வங்கிகள் அதனிடம் வைத்திருக்கும் வைப்புகளும்) பெருகும், இறக்குமதியாளர் வாங்கினாலோ அவருடைய வைப்பிலிருந்து அதேயளவு ரூபாய் மறைந்துவிடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பலருக்கும் பழக்கமான உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே முகவர் வழியாகப் பணம் அனுப்பும் முறையில், டொலர் வெளிநாட்டிலேயே தங்கிவிட, இங்கே ஏற்கெனவே உள்ள ரூபாய்தான் முகவரிடமிருந்து வீட்டுக்குக் கைமாறுகிறது. 2021இன் பிற்பகுதியில் டொலரின் வங்கி விலை ஏறத்தாழ 200 ரூபாயில் கட்டிவைக்கப்பட்டு, உண்டியல் விலை அதைத் தாண்டியபோது, பணம் அனுப்புவோர் வங்கிகளை விட்டு விலகியதை நாம் கண்டோம். அக்காலத்தில் பண நிரம்பல் விரிந்ததற்கு முதன்மைக் காரணம் அரசுக்கு வங்கித்துறை வழங்கிய கடனே. இதைக் கட்டுரை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்க வேண்டும்.